எக்காலத்திலும் சிறந்த கூடைப்பந்தாட்ட வீரர் பற்றிய விவாதம்

எக்காலத்திலும் சிறந்த கூடைப்பந்தாட்ட வீரர் யார் என்பது கூடைப்பந்தாட்ட வரலாற்றில் பல பத்தாண்டுகளாக நடைபெற்றுவரும் ஒரு விவாதம் ஆகும். விளையாட்டு எழுத்தாளர்கள், முன்னாள் வீரர்கள், பயிற்றுநர்கள், புள்ளியியலாளர்கள், இரசிகர்கள் எனப் பலரும் இதில் பங்குகொள்கின்றனர். பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தில் (என்.பி.ஏ.) ஆடிய வீரர்களே இதில் ஒப்பிடப்படுகின்றனர். மைக்கல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ், கரீம் அப்துல்-ஜப்பார், பில் ரசல், வில்ட் சேம்பர்லென், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் ஆகியோரின் பெயர்கள் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றன. 2010களின் நடுப்பகுதி முதல் இவ்விவாதம் பெரிதும் ஜோர்டன், ஜேம்ஸ் ஆகிய இருவரையே மையமாகக் கொண்டு அமைந்துள்ளது.

இக்கேள்விக்கு அனைவரும் ஏற்கும் விடை எதுவும் இல்லை. "சிறந்தவர்" என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் கொள்ளும் பொருள் வேறுபடுவதும், ஆட்டத்தின் விதிகளும் வேகமும் பதிவு முறைகளும் காலந்தோறும் மாறிவந்திருப்பதும் இதற்கு முதன்மைக் காரணங்கள் ஆகும்.

பின்னணி

கூடைப்பந்தாட்டம் 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் உருவாக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டம் நிலைபெறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1946 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம், 1949 இல் போட்டிக் கூட்டிணைவு ஒன்றுடன் இணைந்து என்.பி.ஏ. என்ற பெயரைப் பெற்றது.

சிறந்த வீரர் யார் என்ற கேள்விக்கு முதன்முதலில் பரவலாக ஏற்கப்பட்ட விடை ஜார்ஜ் மைக்கன் ஆவார். மினியாப்பொலிஸ் லேக்கர்ஸ் அணியின் நடு ஆட்டக்காரரான இவரை, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1950 இல் நடத்திய வாக்கெடுப்பு 20 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியின் தலைசிறந்த கூடைப்பந்தாட்ட வீரராகத் தேர்ந்தெடுத்தது. இவருடைய ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தும் நோக்கில் 1951 இல் கூடையின் கீழுள்ள தடப்பகுதியின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது. இன்று மைக்கனின் பெயர் இவ்விவாதத்தில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஒரு தலைமுறையின் ஐயமற்ற விடை அடுத்தடுத்த தலைமுறைகளில் மறக்கப்படக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது.

அளவுகோல்கள்

இவ்விவாதத்தில் பொதுவாகப் பின்வரும் அளவுகோல்கள் பயன்படுத்தப்படுகின்றன:

- வாகைப் பட்டங்கள்: வீரரின் அணி வென்ற என்.பி.ஏ. பட்டங்களின் எண்ணிக்கை. வெற்றியாளர்களுக்கு மோதிரம் வழங்கப்படுவதால் இது "மோதிரக் கணக்கு" எனவும் வழங்கப்படுகிறது.
- விருதுகள்: பருவத்தின் மிகமதிப்புடைய ஆட்டக்காரர் விருது (எம்.வி.பி.), இறுதித் தொடரின் மிகமதிப்புடைய ஆட்டக்காரர் விருது, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது முதலியன.
- மொத்தச் சாதனைகள்: வாழ்நாளில் பெற்ற புள்ளிகள், ரீபவுண்டுகள் (கூடையில் விழாது தவறிய பந்தைக் கைப்பற்றுதல்), அசிஸ்ட்டுகள் (புள்ளிக்கு வழிவகுக்கும் பந்துக் கொடுப்பு).
- உச்ச நிலை: வீரர் தம் மிகச் சிறந்த சில ஆண்டுகளில் எட்டிய தரம்.
- நீடிப்பு: உயர்ந்த தரத்தை எத்தனை ஆண்டுகள் தக்கவைத்தார் என்பது.
- தாக்கம்: ஆட்டம் ஆடப்படும் முறையையும், ஆட்டத்தின் பரவலையும், சமூகத்தையும் வீரர் எவ்வாறு மாற்றினார் என்பது.

இவ்வளவுகோல்கள் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடியவை. பட்டங்களை மட்டும் எண்ணினால் ரசல் முதலிடம் பெறுவார், ஒரு பருவத்தின் எண்களை மட்டும் பார்த்தால் சேம்பர்லென், எம்.வி.பி. விருதுகளை எண்ணினால் அப்துல்-ஜப்பார். மொத்தப் புள்ளிகளை எண்ணினால் ஜேம்ஸ். ஓர் ஆட்டத்திற்கான புள்ளிச் சராசரியைக் கொண்டால் ஜோர்டன். ஆகவே அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் விடையையும் தேர்ந்தெடுப்பதாக அமைந்துவிடுகிறது.

முதன்மையாகக் குறிப்பிடப்படும் வீரர்கள்

பில் ரசல்

பில் ரசல் (1934–2022) பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடி 11 பட்டங்களை வென்றார். இவற்றுள் எட்டு, 1959 முதல் 1966 வரை தொடர்ச்சியாக வெல்லப்பட்டவை. ஐந்து முறை எம்.வி.பி. விருது பெற்றார். ஏழாவது ஆட்டம் வரை சென்ற பிளேஆஃப் தொடர்களில், அவர் ஆடிய பத்து ஏழாவது ஆட்டங்களிலும் அவருடைய அணியே வென்றது. 1966 இல் ஆடிக்கொண்டே பயிற்றுநர் பொறுப்பையும் ஏற்று, என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் ஆனார். கடைசி இரண்டு பட்டங்கள் அப்பொறுப்பில் வென்றவை.

ரசலின் புள்ளிச் சராசரி 15.1 மட்டுமே. இவருடைய முதன்மைத் திறன் எதிரணியின் எறிதல்களைத் தடுப்பதாகும். ஆனால் என்.பி.ஏ.வில் தடுப்புகளும் பந்துப் பறிப்புகளும் 1973–74 பருவத்திலிருந்தே பதிவுசெய்யப்பட்டன. இதனால் இவர் எத்தனை எறிதல்களைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. புள்ளிவிவரங்களை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தும் முறைகளில் ரசல் கீழிறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும். இவர் மறைந்த பின், 2022 ஆகஸ்டில், இவருடைய 6 ஆம் எண் சட்டை அனைத்து அணிகளிலும் ஓய்வளிக்கப்பட்டது. என்.பி.ஏ.வில் இச்சிறப்பைப் பெற்ற முதல் வீரர் இவரே.

வில்ட் சேம்பர்லென்

வில்ட் சேம்பர்லென் (1936–1999) தனிநபர் சாதனைகளுக்காக அறியப்படுபவர். 1961–62 பருவத்தில் இவர் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் பெற்றார். மார்ச் 2, 1962 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்சி நகரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கெதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றார். இந்த ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படவில்லை. 1960 இல் ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்டுகளையும், வாழ்நாளில் 23,924 ரீபவுண்டுகளையும் கைப்பற்றினார். நான்கு முறை எம்.வி.பி. விருதும், 1967, 1972 ஆகிய ஆண்டுகளில் பட்டமும் பெற்றார்.

ரசலும் சேம்பர்லெனும் பிளேஆஃப் சுற்றுகளில் எட்டு முறை மோதினர். ஏழு தொடர்களில் ரசலின் அணி வென்றது. 1967 இல் மட்டும் சேம்பர்லெனின் அணி வென்றது. தனிநபர் திறனா, அணியின் வெற்றியா என்ற கேள்வி இவ்விருவரின் போட்டியிலிருந்தே கூர்மை பெற்றது எனலாம்.

கரீம் அப்துல்-ஜப்பார்

கரீம் அப்துல்-ஜப்பார் (பிறப்பு 1947) ஆறு எம்.வி.பி. விருதுகளைப் பெற்றவர், இது என்.பி.ஏ. சாதனை ஆகும். மில்வாக்கி பக்ஸ் அணியில் ஒன்று, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் ஐந்து என ஆறு பட்டங்களை வென்றார். 1971, 1985 ஆகிய ஆண்டுகளில் இறுதித் தொடரின் எம்.வி.பி. ஆனார், இவ்விரண்டிற்கும் இடையே 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. கையை வளைத்துத் தலைக்கு மேலாகப் பந்தை விடும் "ஸ்கைஹுக்" எறிதல் இவருடைய அடையாளம் ஆகும். 20 பருவங்கள் ஆடி இவர் சேர்த்த 38,387 புள்ளிகள் 2023 வரை முறியடிக்கப்படாத சாதனையாக விளங்கின.

இவர் லூ ஆல்சின்டர் என்ற இயற்பெயருடன் லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ஆடி, 1967 முதல் 1969 வரை மூன்று கல்லூரி வாகைப் பட்டங்களை வென்றவர். 1967 முதல் 1976 வரை கல்லூரி ஆட்டங்களில் பந்தைக் கூடைக்குள் அழுத்தித் திணிக்கும் "டங்க்" தடைசெய்யப்பட்டிருந்தது. இத்தடைக்கு இவருடைய ஆதிக்கமே காரணம் எனப் பரவலாகக் கருதப்பட்டது.

மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட்

1979 இல் ஒரே நேரத்தில் என்.பி.ஏ.வில் நுழைந்த இவ்விருவரும் அப்போது தளர்ந்திருந்த இரசிகர் ஆர்வத்தை மீட்டெடுத்தவர்களாகக் கருதப்படுகின்றனர். ஜான்சன் ஐந்து பட்டங்களையும் மூன்று எம்.வி.பி. விருதுகளையும் பெற்றார். 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் காயமுற்ற அப்துல்-ஜப்பாருக்கு மாற்றாக நடு ஆட்டக்காரர் இடத்தில் தொடங்கி 42 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள், 7 அசிஸ்ட்டுகள் பெற்றார். அப்போது அவர் முதற்பருவ ஆட்டக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது. பேர்ட் 1984 முதல் 1986 வரை தொடர்ந்து மூன்று எம்.வி.பி. விருதுகளையும், மொத்தமாக மூன்று பட்டங்களையும் வென்றார்.

மைக்கல் ஜோர்டன்

மைக்கல் ஜோர்டன் (பிறப்பு 1963) சிக்காகோ புல்ஸ் அணியில் 1991 முதல் 1993 வரையும், 1996 முதல் 1998 வரையும் ஆறு பட்டங்களை வென்றார். ஆறு இறுதித் தொடர்களிலும் இவரே எம்.வி.பி. ஆவார். ஐந்து பருவ எம்.வி.பி. விருதுகளையும், பத்து முறை அதிகப் புள்ளிச் சராசரிக்கான முதலிடத்தையும் பெற்றார். 1988 இல் எம்.வி.பி., சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆகிய இரு விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்றார். இவருடைய வாழ்நாள் சராசரியான 30.1 புள்ளிகளும், பிளேஆஃப் சராசரியான 33.4 புள்ளிகளும் என்.பி.ஏ. வரலாற்றில் மிக உயர்ந்தவை.

1993 அக்டோபரில் ஓய்வு பெற்று அடிப்பந்தாட்டத்தில் ஈடுபட்ட ஜோர்டன் 1995 மார்ச்சில் திரும்பினார். 1995–96 பருவத்தில் புல்ஸ் அணி 72 ஆட்டங்களில் வென்று 10 இல் மட்டுமே தோற்றது. 2001 முதல் 2003 வரை வாசிங்டன் விசர்ட்ஸ் அணியிலும் ஆடினார். 2022 டிசம்பரில் என்.பி.ஏ. தன் பருவ எம்.வி.பி. கோப்பைக்கு இவருடைய பெயரைச் சூட்டியது.

லெப்ரான் ஜேம்ஸ்

லெப்ரான் ஜேம்ஸ் (பிறப்பு 1984) 2003 இல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரடியாக என்.பி.ஏ.விற்கு வந்தவர். மயாமி ஹீட் (2012, 2013), கிளீவ்லாந்து கேவலியர்ஸ் (2016), லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் (2020) ஆகிய மூன்று அணிகளுடன் நான்கு பட்டங்களை வென்று, நான்கிலும் இறுதித் தொடரின் எம்.வி.பி. ஆனார். பருவ எம்.வி.பி. விருதை நான்கு முறை பெற்றார். 2011 முதல் 2018 வரை தொடர்ந்து எட்டு இறுதித் தொடர்களில் ஆடினார். 2016 இறுதித் தொடரில், அப்பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்சுக்கு எதிராக 1–3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து கிளீவ்லாந்து மீண்டு வென்றது. இறுதித் தொடரில் இவ்வாறு மீண்ட முதல் அணி அதுவே.

பிப்ரவரி 7, 2023 அன்று ஜேம்ஸ் அப்துல்-ஜப்பாரின் புள்ளிச் சாதனையைக் கடந்தார். மார்ச் 2, 2024 அன்று 40,000 புள்ளிகளை எட்டிய முதல் வீரர் ஆனார். 10,000 ரீபவுண்டுகளையும் 10,000 அசிஸ்ட்டுகளையும் இதனுடன் சேர்த்துப் பெற்றவர் வேறு எவரும் இல்லை. 2025–26 இல் 23 ஆவது பருவத்தில் ஆடிய முதல் என்.பி.ஏ. வீரர் ஆனார்.

பிறர்

டிம் டங்கன் (ஐந்து பட்டங்கள், இரண்டு எம்.வி.பி.), கோபி பிரயன்ட் (ஐந்து பட்டங்கள், ஒரு எம்.வி.பி.), ஷக்கீல் ஓ'நீல் (நான்கு பட்டங்கள், ஒரு எம்.வி.பி.), ஹக்கீம் ஒலாஜுவான் (இரண்டு பட்டங்கள், ஒரு எம்.வி.பி.), ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட் ஆகியோரும் பல பட்டியல்களில் இடம்பெறுகின்றனர். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஆட்டத்தை அணிகளின் முதன்மை உத்தியாக மாற்றிய ஸ்டெஃபென் கரி நான்கு பட்டங்களை வென்றுள்ளார்; 2016 இல் அனைத்து வாக்குகளையும் பெற்று எம்.வி.பி. ஆன முதல் வீரரும் இவரே. செர்பியாவின் நிக்கோலா யோக்கிச் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் எம்.வி.பி. விருது பெற்றார். 2014 இல் வீரர் தேர்வில் 41 ஆவதாக எடுக்கப்பட்டவர் இவர்.

காலங்களை ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்கள்

ஆட்டத்தின் வேகம்

1954 இல் 24 நொடிக் கடிகாரம் அறிமுகப்படுத்தப்பட்ட பின் ஆட்டத்தின் வேகம் கூடியது. 1960களின் தொடக்கத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 100க்கும் மேற்பட்ட எறிதல்களை மேற்கொண்டது. அவற்றுள் பாதிக்கும் மேல் தவறின. எறிதல்கள் மிகுந்தால் புள்ளி வாய்ப்புகளும், தவறும் எறிதல்கள் மிகுந்தால் ரீபவுண்டு வாய்ப்புகளும் மிகும். எடுத்துக்காட்டாக, ஓர் அணிக்கு 125 வாய்ப்புகள் கிடைக்கும் ஆட்டத்தில் 30 புள்ளிகள் பெறுபவரும், 100 வாய்ப்புகள் கிடைக்கும் ஆட்டத்தில் 24 புள்ளிகள் பெறுபவரும் வாய்ப்பு விகிதப்படி சமமானவர்கள் ஆவர். எனவே சேம்பர்லெனின் எண்களை இன்றைய வீரர்களின் எண்களோடு நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது. அதே வேளையில், அக்காலத்தின் பிற வீரர்களுக்கும் அதே வேகம் வாய்த்திருந்தும் எவரும் 50 புள்ளிச் சராசரியை நெருங்கவில்லை என்பதும் கருத்திற்கொள்ளத்தக்கது.

விதி மாற்றங்கள்

மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வில் 1979–80 பருவத்தில்தான் வந்தது. அப்பருவத்தில் ஓர் அணி ஆட்டமொன்றுக்குச் சராசரியாக மூன்றுக்கும் குறைவான மூன்று புள்ளி எறிதல்களையே முயன்றது. 2024–25 பருவத்தில் இது 37ஐத் தாண்டியது. கூடையின் கீழுள்ள தடப்பகுதி 1964 இல் 16 அடியாக மேலும் அகலமாக்கப்பட்டது. 2001–02 பருவம் முதல் பகுதித் தடுப்பாட்டம் அனுமதிக்கப்பட்டது. 2004–05 பருவத்தில், வெளிவட்டத்தில் பந்து வைத்திருப்பவரைக் கைகளால் தடுத்து நிறுத்துவது கண்டிப்புடன் கட்டுப்படுத்தப்பட்டது. இம்மாற்றங்களுள் ஒன்று ஜோர்டனின் காலத்தைக் கடினமானதாகவும், மற்றொன்று ஜேம்சின் காலத்தைக் கடினமானதாகவும் காட்டப் பயன்படுத்தப்படுகிறது.

அணிகளின் எண்ணிக்கையும் வீரர்களின் வருகையும்

1961–62 இல் என்.பி.ஏ.வில் ஒன்பது அணிகளே இருந்தன. 2004 முதல் 30 அணிகள் ஆடுகின்றன. குறைந்த அணிகள் இருந்தபோது பட்டம் பெறுவது எளிது என்பது ஒரு தரப்பு. குறைந்த அணிகளில் திறமையாளர்கள் செறிந்திருந்ததால் ஒவ்வோர் இரவும் வலுவான எதிரியைச் சந்திக்க நேர்ந்தது என்பது மறுதரப்பு. 1950 வரை என்.பி.ஏ.வில் கறுப்பின வீரர்கள் எவரும் ஆடவில்லை. எனவே அதற்கு முந்தைய சாதனைகள் குறுகிய வட்டத்திற்குள் நிகழ்த்தப்பட்டவை என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

அணி மாறும் உரிமை

ஒரு வீரர் எந்த அணியில் ஆடுவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை முற்காலத்தில் இருக்கவில்லை. வீரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் 1970 இல் தொடரப்பட்ட வழக்கு 1976 இல் இணக்கமாக முடிந்து இவ்வுரிமைக்கு வழிவகுத்தது. 2010 இல் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குச் சென்றபோது, வலிமையான துணைவீரர்களைத் தேடிச் சென்றார் எனக் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். ஆனால் ராபர்ட்சனின் தலைமுறைக்கு அத்தகைய தெரிவே வாய்க்கவில்லை. ராபர்ட்சன் பட்டம் பெறுவதற்கு 1970 இல் அவர் மில்வாக்கிக்கு மாற்றப்பட வேண்டியிருந்தது. அங்கு அப்துல்-ஜப்பாருடன் இணைந்து 1971 இல் அவர் பெற்றதே அவருடைய ஒரே பட்டம். பட்டங்களின் எண்ணிக்கை வீரரின் திறனை மட்டுமன்றி, அவர் எவருடன் ஆட நேர்ந்தது என்பதையும் அளக்கிறது என்பதற்கு இது சான்று ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு: 1961–62 பருவம்

அளவுகோல்களின் முரண்பாட்டை விளக்க 1961–62 பருவம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அப்பருவத்தில் சேம்பர்லென் சராசரியாக 50.4 புள்ளிகளும் 25.7 ரீபவுண்டுகளும் பெற்றார். ராபர்ட்சன் சராசரியாக 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்டுகள், 11.4 அசிஸ்ட்டுகள் பெற்று, மூன்று பிரிவுகளிலும் இரட்டை இலக்கச் சராசரியை ஒரு முழுப் பருவத்திற்கு எட்டிய முதல் வீரர் ஆனார். இச்சாதனையை அடுத்து நிகழ்த்தியவர் ரசல் வெஸ்ட்புரூக். அது 2016–17 பருவத்தில், 55 ஆண்டுகளுக்குப் பின்னர்.

எனினும் 1961–62 பருவத்தின் எம்.வி.பி. விருது இவ்விருவருக்கும் கிட்டவில்லை. 60 ஆட்டங்களில் வென்ற பாஸ்டன் அணியின் பில் ரசலுக்கே அது வழங்கப்பட்டது. அக்காலத்தில் இவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் செய்தியாளர்கள் அல்லர், வீரர்களே வாக்களித்தனர். மூவரையும் களத்தில் நேருக்குநேர் எதிர்கொண்டவர்கள், எண்களில் பின்தங்கிய ஒருவரை முதலிடத்தில் வைத்தனர் என்பதே இதன் முக்கியத்துவம் ஆகும். அவர்கள் கண்ட ஏதோ ஒன்று பதிவேட்டில் இடம்பெறவில்லை என்று ரசலின் ஆதரவாளர்கள் கூறுவர். அவர்கள் சிறந்த அணிக்கு வாக்களித்தனரேயன்றிச் சிறந்த வீரருக்கு அல்ல என்று சேம்பர்லெனின் ஆதரவாளர்கள் கூறுவர்.

அதிகாரபூர்வ அணிகளும் தரவரிசைகளும்

என்.பி.ஏ. தன் ஆண்டு நிறைவுகளை ஒட்டிச் சிறந்த வீரர்களின் பட்டியல்களை வெளியிட்டுள்ளது. 25 ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 10 வீரர்களும், 1980 இல் 35 ஆம் ஆண்டை ஒட்டி 11 வீரர்களும் அறிவிக்கப்பட்டனர். 1996 இல் 50 சிறந்த வீரர்கள் அறிவிக்கப்பட்டனர். 2021 இல் 75 ஆம் ஆண்டை ஒட்டி வெளியான பட்டியலில், வாக்குகள் சமனானதால் 76 பேர் இடம்பெற்றனர். 1996, 2021 ஆகிய பட்டியல்களில் வீரர்கள் வரிசைப்படுத்தப்படவில்லை. எவர் முதலிடம் என்பதை என்.பி.ஏ. கூறவில்லை.

1996 பட்டியலில் 24 வயதே நிரம்பிய, நான்கு பருவங்களே ஆடியிருந்த ஓ'நீல் சேர்க்கப்பட்டதும், டொமினிக் வில்கின்ஸ், பாப் மெக்காடூ ஆகியோர் விடுபட்டதும் விமர்சிக்கப்பட்டன. பின்னர் ஓ'நீல் நான்கு பட்டங்களை வென்று தேர்வை நியாயப்படுத்தினார். வில்கின்சும் மெக்காடூவும் 2021 பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2021 பட்டியலில் அவ்வாண்டின் எம்.வி.பி.யான யோக்கிச் இடம்பெறவில்லை; அவர் அதன் பின்னர் மேலும் இரண்டு எம்.வி.பி. விருதுகளையும் 2023 இல் பட்டத்தையும் வென்றார்.

ஊடகங்கள் வெளியிடும் தரவரிசைகளில் ஜோர்டன் பெரும்பாலும் முதலிடம் பெறுகிறார். பில் சிம்மன்ஸ் 2009 இல் வெளியிட்ட நூலில் ஜோர்டன், ரசல், அப்துல்-ஜப்பார் என்ற வரிசை அமைந்தது. ஈ.எசு.பி.என். நிறுவனம் 2020 இல் வெளியிட்ட தரவரிசையில் ஜோர்டன், ஜேம்ஸ், அப்துல்-ஜப்பார் என்ற வரிசை அமைந்தது.

ஜோர்டன்–ஜேம்ஸ் ஒப்பீடு

ஜோர்டனை முன்னிறுத்துவோர் ஆறு இறுதித் தொடர்களில் ஆறு வெற்றி என்ற நிறைவான பதிவையும், உயர்ந்த புள்ளிச் சராசரியையும், தடுப்பாட்டத் திறனையும் எடுத்துக்காட்டுகின்றனர். ஜேம்ஸ் பத்து இறுதித் தொடர்களில் ஆறில் தோற்றதையும், குறிப்பாக 2011 இல் டாலஸ் மேவரிக்ஸ் அணிக்கெதிராக அவர் தம் தரத்திற்குக் குறைந்து ஆடியதையும் இவர்கள் சுட்டுகின்றனர்.

ஜேம்சை முன்னிறுத்துவோர், இறுதித் தொடரில் தோற்பதைவிட அதற்கு முந்தைய சுற்றுகளில் தோற்பது மேலானதாக இருக்க இயலாது என வாதிடுகின்றனர். ஜோர்டன் தம் முதல் ஆறு பருவங்களில் இறுதித் தொடரை எட்டவில்லை; ஆயினும் அத்தோல்விகள் "ஆறுக்கு ஆறு" என்ற கணக்கில் சேர்வதில்லை. மேலும் புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் ஆகிய மூன்றிலும் ஜேம்சின் பங்களிப்பையும், இருபது ஆண்டுகளுக்கும் மேலான நீடிப்பையும் இவர்கள் முன்வைக்கின்றனர்.

மொத்தப் புள்ளிகளை ஒப்பிடுகையில் தொழில்முறை வாழ்வின் நீளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜோர்டன் மூன்று ஆண்டுகள் கல்லூரியில் ஆடினார். இடையில் இருமுறை ஓய்வு பெற்றார். மொத்தம் 1,072 ஆட்டங்களில் 32,292 புள்ளிகள் பெற்றார். ஜேம்ஸ் 18 வயதிலேயே என்.பி.ஏ.வில் ஆடத் தொடங்கினார். எனவே இவ்விருவரிடையே தேர்ந்தெடுப்பது, உச்ச நிலைக்கும் நீடிப்புக்கும் இடையே தேர்ந்தெடுப்பதாகவும் அமைகிறது.

தலைமுறை வேறுபாடும் இதில் பங்கு வகிக்கிறது. ஜோர்டனை நேரில் கண்டு வளர்ந்தோர் அவரையும், ஜேம்சைக் கண்டு வளர்ந்தோர் இவரையும் தேர்வதற்கு வாய்ப்பு மிகுதி. 2020 இல் வெளிவந்த "தி லாஸ்ட் டான்ஸ்" என்ற பத்துப் பகுதி ஆவணத்தொடர், ஜோர்டன் ஆடியதைக் காணாத தலைமுறையினருக்கு அவரை அறிமுகப்படுத்தியது. ரசலுக்கோ சேம்பர்லெனுக்கோ இதற்கு ஈடான முழுமையான ஒளிப்பதிவுகள் இல்லை.

புள்ளியியல் அணுகுமுறைகள்

காலவேறுபாட்டைச் சரிசெய்யும் நோக்கில் சில அளவைகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஜான் ஹோலிஞ்சர் உருவாக்கிய வீரர் திறன் மதிப்பீடு, ஆட்டத்தின் வேகத்திற்கேற்பத் திருத்தப்பட்டு, ஒவ்வொரு பருவத்தின் சராசரியும் 15 என அமையுமாறு கணக்கிடப்படுகிறது. இதனால் வெவ்வேறு பருவங்களை ஓரளவு ஒப்பிட முடிகிறது. அடிப்பந்தாட்டத்திற்காகப் பில் ஜேம்ஸ் உருவாக்கிய வெற்றிப் பங்கு முறை கூடைப்பந்தாட்டத்திற்கும் தகவமைக்கப்பட்டுள்ளது. வீரர் களத்தில் உள்ளபோதும் இல்லாதபோதும் அணியின் புள்ளி வேறுபாடு எவ்வாறு மாறுகிறது என்பதை அளக்கும் முறைகளும் உள்ளன.

இம்முறைகளுக்கும் வரம்புகள் உண்டு. பதிவு செய்யப்படாத ஒன்றை எந்தச் சூத்திரமும் அளக்க இயலாது. 1973–74க்கு முந்தைய தடுப்புகளும் பறிப்புகளும், 1977–78க்கு முந்தைய பந்து இழப்புகளும் என்.பி.ஏ. பதிவேட்டில் இல்லை. இவ்விடைவெளியால் பெரிதும் இழப்புக்குள்ளாவோர் தடுப்பாட்டத்தில் சிறந்த முற்கால வீரர்களே ஆவர்.

விவாதத்தில் இடம்பெறாதோர்

இவ்விவாதம் பெரும்பாலும் ஆண்களையும் என்.பி.ஏ.வையும் மட்டுமே கருத்திற்கொள்கிறது என்ற விமர்சனம் உண்டு. பெண்கள் கூடைப்பந்தாட்டம் 1976 இல்தான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூட்டிணைவான டபிள்யூ.என்.பி.ஏ. 1997 இல்தான் ஆட்டங்களைத் தொடங்கியது. அதற்கு முந்தைய தலைமுறையின் செரில் மில்லர் போன்றோருக்கு ஒப்பிடத்தக்க தொழில்முறைப் பதிவுகளே இல்லை. சோவியத் ஒன்றியத்தின் உலியானா செம்யோனவா 1976, 1980 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றவர். டயானா டொராசி 2004 முதல் 2024 வரை ஆறு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றார், டபிள்யூ.என்.பி.ஏ.வில் 10,000 புள்ளிகளைக் கடந்த முதல் வீராங்கனையும் இவரே.

1989 வரை என்.பி.ஏ. வீரர்கள் பன்னாட்டுக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஆட இயலாது. பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் 1984 இல் என்.பி.ஏ. அணி ஒன்றால் தேர்ந்தெடுக்கப்பட்டும், தம் நாட்டிற்காகத் தொடர்ந்து ஆடும் பொருட்டு அவ்வாய்ப்பை மறுத்தார். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய இவர் 2013 இல் நெய்ஸ்மித் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். லித்துவேனியாவின் ஆர்விடாஸ் சபோனிஸ் 1986 இல் போர்ட்லாந்து அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1988 இல் சோவியத் அணியுடன் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பல காயங்களுக்குப் பின் 1995 இல், தம் முப்பதாவது வயதில்தான் அவர் என்.பி.ஏ.விற்கு வந்தார். இவர்களின் உச்ச ஆண்டுகள் என்.பி.ஏ. பதிவேடுகளில் இல்லாததால் ஒப்பீடுகளில் இவர்கள் இடம்பெறுவதில்லை.

விமர்சனமும் பயனும்

ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருவரை மட்டும் தனித்தெடுத்து வரிசைப்படுத்துவது பொருத்தமற்றது என்பது இவ்விவாதத்தின் மீதான அடிப்படை விமர்சனம் ஆகும். முற்கால வீரர்கள் இன்றைய பயிற்சி, மருத்துவம், பயண வசதி ஆகியவற்றைப் பெற்றிருந்தால் எவ்வாறு ஆடியிருப்பர் என்பதை அறிய வழியில்லை. இதனால் ஒரு வீரரை அவர் காலத்துச் சக வீரர்களுடன் மட்டும் ஒப்பிட்டு, எந்த அளவுக்கு முன்னின்றார் என்று காண்பதே நியாயமானது எனச் சிலர் கருதுகின்றனர்.

மறுபுறம், ஆட்டத்தின் வரலாறு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுவதற்கு இவ்விவாதம் ஒரு வழியாக உள்ளது. ரசலின் பதினொரு பட்டங்களும், ஒளிபரப்பப்படாத ஹெர்சி ஆட்டமும், ராபர்ட்சனின் வழக்கும் அவற்றைக் காணாதவர்களால் இன்றும் பேசப்படுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- கூடைப்பந்தாட்டம்
- தேசிய கூடைப்பந்துச் சங்கம்
- மைக்கல் ஜோர்டன்
- லெப்ரான் ஜேம்ஸ்
- பில் ரசல்
- நெய்ஸ்மித் புகழ் மண்டபம்